வலப்பக்கத்து ஹொரேஸ்

ஒரு காரின் இரண்டு பக்கங்களையும் ஒரே நேரத்தில் பார்க்கும்படி யாருக்கும் கண் அமையவில்லை. இங்கிலாந்தின் டிப்டனில் கார் செய்த ஹால்பர்ட் கம்பெனி பதினான்கு வருஷம் மானத்தோடு பிழைத்தது இந்த ஒரு வசதியால்தான். அப்படி ஒரு வசதி இருப்பது தெரியாமலே பிழைத்தது. அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்தக் கம்பெனியில் காரின் வலப்பக்கத்து முன் மட்கார்டைத் தகட்டிலிருந்து தட்டி எடுத்தவர் ஹொரேஸ் டிரான்டர். இடப்பக்கத்தைத் தட்டியவர் இட்ரிஸ் பியூ. 1958-இல் முதல் வண்டிக்கு யார் எந்தப் பக்கம் நின்றார்களோ, அதே பக்கம்தான் கடைசிவரை. ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் சுத்தியல் வைக்கமாட்டார். அடுத்த வீட்டு அடுப்படிக்குள் போய்க் குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி அது. அப்படி ஒரு விதி எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதாத விதியைத்தான் டிப்டன்காரர்கள் மீறமாட்டார்கள்.

ஹொரேஸ் கால்வாய்க்கரையில் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டார். போர்க்காலத்தில் விமானத்துக்கு அலுமினியத் தகடு தட்டினார். அந்த ஐந்து வருஷத்தில் அவருடைய வலது காது கால்வாசி போனது, கைக்கு மட்டும் ஒரு ஞானம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தகட்டைத் தடவி, "இங்க ஒரு மேடு இருக்கு" என்பார். இருக்கும். போர் முடிந்தபின் பால்வண்டிக்கும் பிணவண்டிக்கும் தகடு தட்டிச் சலித்துப்போய், முப்பத்தொன்பது வயதில் ஹால்பர்ட் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே செய்த காருக்கு ஆற்றின் பெயரை வைத்திருந்தார்கள், செவர்ன் என்று. பந்தயத்தில் ஓடுகிற கார் இல்லை. காலையில் லண்டனில் காபி குடித்துவிட்டு ஏறுகிற கனவான், பிரான்ஸ் முழுவதையும் கடந்து, மறுநாள் கடற்கரை ஓட்டலில் இறங்கும்போது கோட்டில் ஒரு கசங்கல்கூட இருக்கக்கூடாது. அதற்கென்றே செய்த வண்டி. இரண்டே கதவு. நீளமான மூக்கு. உள்ளே ஒரு மாட்டு மந்தையின் தோல். இத்தனையும் செய்தது, மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு தகரக் கொட்டகையில், அறுபத்துமூன்று பேர். பணக்காரக் கம்பெனிகளில் முழுக் காரையும் மரத்தில் செதுக்கி வைத்துக்கொண்டு அதன்மேல் தகட்டைப் படியவைப்பார்கள். ஹால்பர்ட்டில் அதற்கு வக்கில்லை. காகிதத்தில் முழு அளவில் ஒரு வரைபடம் உண்டு. அதுவும் பாதிக் காருக்குத்தான். இந்தப் பாதியைத் திருப்பிப் போட்டால் அந்தப் பாதி வந்துவிடும் என்ற சிக்கனம். தரையில் அதை விரித்து, கதவு விளிம்பிலிருந்து விளக்கு வரைக்கும் நாற்பத்தெட்டு அங்குலம் என்று எழுதியிருந்தால், ஹொரேஸ் தன் அளவுகோலை எடுத்து அளந்துகொள்வார். இட்ரிஸ் தன் குச்சியை எடுப்பார்.

இந்தக் குச்சியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இட்ரிஸ் வேல்ஸ் மலைப்பக்கத்துக்காரர், ஒல்லி, வாய் அதிகம் திறக்காத ஆள். எண்களை அவர் நம்பமாட்டார். வேலை தொடங்குகிற அன்றைக்கு ஒருமுறை, ஸ்டோர் ரூமில் இருந்த இரும்புக் கோலை இரவல் வாங்கி, ஒரு நீண்ட மரச்சட்டத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார். அப்புறம் அந்த மாடல் முடிகிறவரை கோலைத் தொடமாட்டார். சட்டத்தைத் தகட்டின்மேல் வைப்பார், கோட்டைப் பார்ப்பார், அவ்வளவுதான். எத்தனை அங்குலம் என்று கேட்டால், "குச்சி அளவு" என்பார். கொட்டகையில் அவருக்குக் குச்சிக்காரர் என்றே பெயர்.

"ஏண்டா இட்ரிஸ், கோழிக்கூண்டா கட்டுற?" என்று ஹொரேஸ் வாரத்துக்கு ஒருதரமாவது கேட்பார்.

"கோழி குறை சொல்லாதுடா. உன்னைத்தான் தாங்க முடியல" என்பார் இட்ரிஸ்.

ஹொரேஸின் கோலோ பார்க்கவே அழகு. மஞ்சளேறிய கெட்டி மரம், இரண்டடி நீளம், இரண்டு முனையிலும் பித்தளைப் பூண். மனைவி மேவிஸின் அப்பா ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். மரத்தில் மாதிரி செதுக்கிக் கொடுப்பவர். அதை மண்ணில் பதித்துத்தான் இரும்பை வார்ப்பார்கள். அவர் இறந்த பிறகு கருவிப்பெட்டியை மேவிஸ் அப்படியே வைத்திருந்தாள். அதிலிருந்து ஹொரேஸ் எடுத்துக்கொண்டது அந்தக் கோல் ஒன்றைத்தான். அதை மேல்சட்டைக்குள் தனியாகத் தைத்த நீளப் பையில் வைத்துக்கொள்வார். யாருக்கும் இரவல் தரமாட்டார்.

முதல் செவர்ன் ஏழு வருஷம் ஓடியது. 1965-இல் இரண்டாவது வந்தது: அமெரிக்காவிலிருந்து வாங்கிய பெரிய எஞ்சின், அதற்கேற்ற அகன்ற மூக்கு, ஜன்னலைத் தானே ஏற்றி இறக்குகிற மோட்டார், முதல் வண்டியைவிடக் கால் டன் கூடுதல் எடை. பணக்காரர்களோடு சேர்ந்து காரும் தொந்தி போட்டது. ஆனால் இரண்டு வண்டிகளிலும் முன் பம்பர் மூன்று துண்டு. நடுவில் ஒன்று, மூலைக்கொன்று. பம்பர் மாட்டுகிற ஆட்கள் ஒவ்வொரு வண்டியிலும் இடப்பக்கத்தில் நாலைந்து வாஷர் கூடுதலாகச் செருகுவார்கள். ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. கையால் செய்த வண்டி அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள். இப்படி நானூற்றுச் சொச்சம் வண்டிகள் போயின.

1972-இல் மூன்றாவது செவர்ன். அமெரிக்காவில் விற்றால்தான் கம்பெனி பிழைக்கும் என்ற நிலை. அங்கே பம்பர் பலமாக இருக்கவேண்டும் என்று புதுச் சட்டம் வந்திருந்தது. ஆகவே மூன்று துண்டு போய், ஒரே துண்டாக, கனத்த பம்பர். பர்மிங்ஹாமில் ஒரு பட்டறையில் செய்து நவம்பர் இரண்டாம் தேதி, வியாழக்கிழமை காலை, போர்வை சுற்றி லாரியில் வந்து இறங்கியது. முதல் மாதிரிக் கார் கொட்டகை நடுவில் தயாராக நின்றது. மறுவாரம் செவ்வாய்க்கிழமை படம் எடுக்க ஆட்கள் வருவதாக ஏற்பாடு.

நான்கு பேர் பம்பரைத் தூக்கிப் பிடித்துத் தள்ளினார்கள். வலப்பக்கம் போய் மட்கார்டில் முட்டியது. இடப்பக்கம் முட்டவில்லை. அங்கே ஒரு விரல் தாராளமாக நுழைகிற இடைவெளி.

"இன்னும் தள்ளுங்கப்பா" என்றார் மேனேஜர் ஃபென்னிமோர்.

"தள்ளினா வலப்பக்கம் நசுங்கிடும் சார்."

ஃபென்னிமோர் குனிந்து பார்த்தார். முதலில் பம்பர் பட்டறைக்காரனைத் திட்டினார். பம்பரைத் தலைகீழாகப் புரட்டிப் பிடிக்கச் சொன்னார். அப்போதும் இடைவெளி இடப்பக்கத்திலேயே இருந்தது. கொட்டகையில் சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பம்பர் நேராகத்தான் இருக்கிறது, கார்தான் கோணல் என்பது அறுபத்துமூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"யாராவது ஒரு கோல் குடுங்க" என்றார் ஃபென்னிமோர்.

ஹொரேஸ் சட்டைக்குள் கையை விட்டுத் தன் கோலை எடுத்தார். அன்றைக்கு மட்டும் ஸ்டோர் ரூம் இரும்புக் கோலை யாராவது எடுத்துவந்திருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. இருபது அடி தள்ளித்தான் அது ஆணியில் தொங்கியது. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் பித்தளைப் பூண் போட்ட கோல் ஒன்று நீட்டப்படும்போது, அதை விட்டுவிட்டு எவன் ஸ்டோர் ரூமுக்கு நடப்பான்?

வலப்பக்கம் அளந்தார்கள். இரண்டு கோல் நீளம், மிச்சமில்லை. நாற்பத்தெட்டு. இடப்பக்கம் அளந்தார்கள். நாற்பத்தேழரை.

"நீ எதை வச்சு அளந்த, பியூ?" என்றார் ஃபென்னிமோர்.

இட்ரிஸ் மூலையில் சாய்த்திருந்த மரச்சட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் அந்தச் சிரிப்பு பரவியது. பயந்து நின்றவர்களுக்குச் சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்தது, விடுவார்களா?

"நான்தான் தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, கோழிக்கூண்டுன்னு" என்றார் ஹொரேஸ். அவரும் சிரித்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார். ஆனால் வழக்கமாக வருகிற பதில் இந்த முறை வரவில்லை. இட்ரிஸ் தன் மட்கார்டின்மேல் கையை வைத்தபடி நின்றார்.

"பழைய வண்டியெல்லாம்?" என்று மெல்லக் கேட்டார்.

"என்ன பழைய வண்டி?"

"நானூறு வண்டி சார். அதுலயும் என் பக்கம் குறைஞ்சுதான் போயிருக்குமா?"

ஃபென்னிமோர் அந்தக் கேள்வி காதில் விழாத மாதிரி, "புது வண்டியில நீ கை வைக்க வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குச் சாயங்காலம் இட்ரிஸ் வழக்கமான மதுக்கடைக்கு வரவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை வேலைக்கு வந்தார், தன் வேலைமேடையைத் துடைத்தபடியே பொழுதைக் கழித்தார், யாரோடும் பேசாமல் வீட்டுக்குப் போனார். அவருடைய வீடு ஹொரேஸ் வீட்டிலிருந்து நாலு கதவு தள்ளி, அதே தெருவில்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹொரேஸ் வீட்டில் பட்டாணியும் ஈரல் உருண்டையும். மேவிஸ் முன்னறைக்குப் புதுத் திரை தைக்கத் துணியை மேசைமேல் விரித்திருந்தாள். அளவு நாடா அகப்படவில்லை. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு ஹொரேஸ் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த மேல்சட்டையிலிருந்து கோலை எடுத்து நீட்டினார்.

"இந்தா, இதுல அளந்துக்க."

மேவிஸ் அதைப் பார்த்துச் சிரித்தாள். "ஏன், துணியும் சுருங்குமுன்னா? தள்ளி வை அதை. நாடா இங்கதான் எங்கயாவது கிடக்கும்."

"துணி எதுக்குச் சுருங்கணும்?"

"அது எங்கப்பாவோட ஃபவுண்டரிக் கோல்ல?" என்றாள் மேவிஸ், துணிக்கடியில் நாடாவைத் துழாவிக்கொண்டே. "காய்ச்சி ஊத்துற இரும்பு ஆறினா சுருங்கிப்போகும். அதுக்குத் தோதா கோலையே கொஞ்சம் நீட்டிச் செஞ்சிருப்பாங்க. இந்தக் கோல்ல ஒரு அடின்னா நெசத்துல ஒரு அடியும் அரைக்கால் அங்குலமும். சின்னப் பிள்ளையில நான் இதை வச்சுப் பாவாடை வெட்டிட்டு அப்பாகிட்ட வாங்கின அடி இன்னும் மறக்கல."

ஹொரேஸின் கை நீட்டியபடியே நின்றது.

"என்ன சொன்ன?"

"எதை?"

"அரைக்கால்."

"அடிக்கு அரைக்கால் அங்குலம். ஏன், உனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமாப் பையில வச்சுக்கிட்டுத் திரியிற." அவள் நிமிர்ந்து கணவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு துணியைக் கீழே போட்டாள். "ஹொரேஸு, இதை வச்சு நீ என்ன அளக்கிற?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு அடிக்கு நாலு அரைக்கால். அரை அங்குலம். கணக்குப் போட ஒரு வினாடிகூட ஆகவில்லை, ஆனால் அது நெஞ்சுக்குள் இறங்க வெகுநேரம் பிடித்தது. கோலின் ஓரத்தை விளக்கருகே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தார். ஒரு காலத்தில் என்னவோ எழுத்துக் குத்தியிருந்த தடம் விரல்பட்டுத் தேய்ந்து வழவழவென்றிருந்தது. தேய்த்தது அவருடைய கட்டைவிரல்தான்.

"நீ ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றார் கடைசியில்.

"நீ கேக்கலியே. அப்பா நினைவா வச்சிருக்கேன்னு நினைச்சேன்." எங்கள் தெருவில் வியாழக்கிழமை நடந்த விஷயம் வியாழக்கிழமையே எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. "அப்போ இட்ரிஸ் பக்கம்தான் சரியா?"

"ஆமா."

"பதினாலு வருஷமும்?"

"ஆமாங்கிறேன்ல."

"கோட்டைப் போடு. போய்ச் சொல்லிட்டு வா. நாலு வீடு தள்ளி இருக்காரு."

ஹொரேஸ் எழுந்தார். கோட்டைக்கூட எடுத்தார். கதவு வரை போனார். அங்கே நின்று யோசிக்கத் தொடங்கினார், அதுதான் வினையாயிற்று. முதலில் மேனேஜரிடம் சொல்வதுதானே முறை? மேனேஜரிடம் சொல்லாமல் இட்ரிஸிடம் சொன்னால் அவருக்கு என்ன லாபம்? இப்போது வெள்ளிக்கிழமை. அலுவலகம் பூட்டியிருக்கும். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு நேராகப் போய்ச் சொல்லிவிட்டால் ஒரே அடியாக முடிந்தது. எல்லாமே நியாயமான யோசனைகள். பயந்தவனுக்கு நியாயத்துக்கா பஞ்சம்?

"திங்கக்கிழமை சொல்றேன்" என்றார்.

மேவிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள். நாடாவைத் தேடுவதையும் விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை கால்பந்து. பன்னிரண்டு வருஷமாக ஹொரேஸும் இட்ரிஸும் மைதானத்தில் ஒரே தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பவர்கள். அன்றைக்கு ஹொரேஸ் தயங்கித் தயங்கித்தான் போனார். தூணருகே இட்ரிஸ் இல்லை. அப்பாடா என்றிருந்தது அவருக்கு. அந்த அப்பாடாவை நினைத்து அவர் பின்னால் எவ்வளவோ கூசிப்போனார், ஆனால் அன்றைக்கு அதைத்தான் உணர்ந்தார், பன்றித்தோல் வறுவல்கூட ஒரு பொட்டலம் வாங்கித் தின்றார். ஞாயிற்றுக்கிழமை நவம்பர் ஐந்து. வருஷா வருஷம் அன்றைக்குத் தெருமுனைப் பொட்டலில் சொக்கப்பனை மாதிரி விறகைக் குவித்து எரிப்பது வழக்கம். பிள்ளைகள் வீடு வீடாக வந்து பழைய பலகை கேட்டார்கள். ஹொரேஸ் ஓர் உடைந்த நாற்காலியைக் கொடுத்தார். பொட்டலுக்குப் போகவில்லை. திரையில்லாத முன்னறையில் உட்கார்ந்து, திங்கட்கிழமை சொல்லவேண்டிய வார்த்தைகளை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கொட்டகைக்குள் நுழைந்தவர் காரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

பம்பர் மாட்டியிருந்தது. வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருந்தது. இடப்பக்கமும் ஒட்டி உட்கார்ந்திருந்தது. விரல் என்ன, காகிதம்கூட நுழையாது. ஹொரேஸ் ஓடிப்போய் இடப்பக்கத்து மட்கார்டைத் தடவினார். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தடவினார். விளக்குக்கு ஒரு சாண் பின்னால், மயிரிழை மாதிரி ஒரு மேடு. அங்கே வெட்டி, அரை அங்குல அகலத்தில் தகட்டுப் பட்டை ஒன்றை வைத்துப் பற்றவைத்து, ராவித் தேய்த்திருந்தது. அந்த வேலையை அப்படிச் செய்ய ஊரில் ஒரே ஒரு கைதான் உண்டு. இரண்டு பேர் நான்கு நாளில் செய்யவேண்டிய வேலை.

"சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கு வந்தாராம்" என்றான், விடிகாலையிலேயே வந்து ஆட்களோடு பம்பரை மாட்டியிருந்தவன். "வாட்ச்மேன் சொல்றார். கூலி வேணாம், நான் பண்ணின தப்பை நானே திருத்திடறேன்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டு உள்ள வந்தாராம். ஞாயித்துக்கெழமை மத்தியானம்தான் குச்சியெல்லாம் தூக்கிக்கிட்டு வெளிய போனாராம்."

இட்ரிஸ் சரியாக இருந்த தகட்டை, தன் கையாலேயே வெட்டி, தப்பாக ஆக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மைதானத்தில் அவர் ஏன் இல்லை என்பது ஹொரேஸுக்கு இப்போதுதான் புரிந்தது.

ஃபென்னிமோரின் அறைக்குள் அவர் எப்படிப் போனார் என்பது அவருக்கே நினைவில்லை. பொட்டலம் கட்டி வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை. கோலை மேசைமேல் வைத்தார். பக்கத்தில் ஸ்டோர் ரூம் இரும்புக் கோலை வைத்தார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கால் அங்குலம்; மேசைமேல் அது பளிச்சென்று தெரிந்தது.

ஃபென்னிமோர் இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்தார். அவர் ஒன்றும் கல்நெஞ்சக்காரர் இல்லை, அவர் முகமும் செத்துத்தான் போயிற்று.

"வேற யாருக்குத் தெரியும்?"

"என் சம்சாரத்துக்கு."

"அதோட நிக்கட்டும்."

"சார், தப்பு என் பக்கம். இட்ரிஸ் பக்கம் ஆரம்பத்துல இருந்தே சரி. அதைக் கொட்டகையில எல்லாருக்கும் முன்னாடி சொல்லணும். அன்னிக்கு எல்லாருக்கும் முன்னாடிதானே சிரிச்சோம்?"

"இப்போ ரெண்டு பக்கமும் சமம், டிரான்டர். பம்பர் உக்காந்தாச்சு. நாளைக்குப் படம் எடுக்க வர்றாங்க. வண்டி வரைபடத்தைவிட அரை அங்குலம் நீளம், அவ்வளவுதானே? மூக்கு நீண்டா அழகுதான்." அவர் எழுந்து கதவைச் சாத்தினார். "நீ சொல்றதை நான் வெளிய சொன்னா என்ன ஆகும், யோசிச்சியா? நானூறு வண்டியும் கோணல்னு ஊருக்குத் தெரியும். வாங்கினவன் ஒவ்வொருத்தனும் நாடாவைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வருவான். கம்பெனியே இருக்காது. அறுபத்துமூணு குடும்பம்."

"அப்போ இட்ரிஸ்?"

ஃபென்னிமோர் மேசை இழுப்பறையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்துக் கொடுத்தார். பென்சிலில் இரண்டே வரி. பதினான்கு வருஷமாகக் கோணலாகத் தட்டியிருக்கிறேன், மன்னிக்கவும். அடுத்த வண்டிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளவும்.

"நேத்து வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கான்."

"திருப்பிக் கூப்பிடுங்க சார்."

"கூப்பிட்டா காரணம் சொல்லணும்." ஃபென்னிமோர் மரக் கோலை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். "இதை வீட்டுல கொண்டுபோய் வை. இனிமே ஸ்டோர் ரூம் கோல்ல அளந்துக்கோ. ஆனா நாப்பத்தெட்டரைன்னு அளந்துக்கோ."

ஹொரேஸ் அந்தக் கோலைத் தொடவில்லை. தொப்பியை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். காலை பத்து மணிக்கு வேலையைப் போட்டுவிட்டு அவர் வாசலைத் தாண்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாட்ச்மேன், "யாராவது போயிட்டாங்களாப்பா?" என்று கேட்டான். அவர் நிற்கவில்லை.

இட்ரிஸ் தானே வந்து கதவைத் திறந்தார். மூன்று நாளில் ஆள் இளைத்துவிட்டார். விரல்களில் ராவிய காயம். மனைவி இறந்தபின் தனியாக இருக்கிற வீடு; கெட்டில் கொதிக்கிற சத்தம் வந்தது.

"வாடா. பாத்தியா வண்டியை?" என்றார். "ஒட்டு தெரியுதா?"

"தெரியல."

"கையில?"

"கையில லேசா."

"உனக்கு மட்டும்தான் தெரியும். பரவால்ல." அவர் உள்ளே நடந்தார். "டீ போடுறேன். உக்காரு."

ஹொரேஸ் உட்காரவில்லை. அடுப்படி வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஃபவுண்டரிக் கோல், அரைக்கால் அங்குலம், மேவிஸ் சொன்னது, மேனேஜர் சொன்னது. நடுவில் ஒரு வார்த்தைகூட நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தோன்றியது. இட்ரிஸ் முதுகைக் காட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். கெட்டில் விசிலடிக்கத் தொடங்கியது. அவர் அதை அணைக்கவில்லை. ஹொரேஸ்தான் கையை நீட்டி அணைத்தார்.

"அப்போ என் குச்சி?"

"சரியா இருந்துச்சு."

"எல்லா வண்டியிலயுமா?"

"எல்லாத்துலயும். நீ ஒரு தடவைகூடத் தப்பா அடிக்கல, இட்ரிஸ். அந்தக் குச்சியை எடு. வா, கொட்டகைக்குப் போவோம். இரும்புக் கோலைப் பக்கத்துல வச்சு எல்லாருக்கும் காட்டுறேன். அவன் என்னை வெளிய தள்ளட்டும்."

இட்ரிஸ் திரும்பினார்.

"நேத்துப் பிள்ளைங்க பலகை கேட்டு வந்துச்சுங்க. எல்லாத்தையும் குடுத்துட்டேன். மூணு மாடலோட குச்சியும். வச்சிருந்து என்ன பண்றதுன்னு." சொல்லிவிட்டு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "நல்லா எரிஞ்சுது. நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன்."

தெருவில் பால்வண்டி ஒன்று கிளிங்கிளிங்கென்று போனது. இட்ரிஸ் இரண்டு கோப்பையை எடுத்து வைத்தார். ஒன்றில் டீயை ஊற்றினார். இரண்டாவதில் ஊற்றப்போனவர் கையை நிறுத்தினார்.

"உனக்கு எப்போ தெரிஞ்சுது?"

"என்னது?"

"கோல் விஷயம். எப்போ தெரிஞ்சுது உனக்கு?"

"வெள்ளிக்கிழமை" என்றார் ஹொரேஸ்.

இட்ரிஸ் தன் விரல்களிலிருந்த காயங்களைக் குனிந்து பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை காலையிலயா, சாயங்காலமா?"

"சாயங்காலம். ஆறு மணி இருக்கும்."

"ஆறு மணிக்கு" என்றார் இட்ரிஸ், "நான் வீட்டுலதான்டா இருந்தேன்."